“சி.டி. ஸ்கேனில் குறைபாடு இல்லை என்று சொன்னால் சரிதான்”

ஈரோடு மாவட்டத்தின் நீதிமன்றங்களில் இருபத்தாறு ஆண்டுகள் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் மருத்துவர்கள் கூண்டில் நின்று சொன்ன சாட்சியங்களை எத்தனை முறை தட்டச்சு செய்தேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் விரல்களிலேயே தங்கிவிட்டது: “மனுதாரருக்கு எடுக்கப்பட்ட தலை சி.டி. ஸ்கேனில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை என்று சொன்னால் சரிதான்.” காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்பது கேள்விதான். அது தாளில் ஏறும்போது சாட்சியே தம் வாயால் சொன்ன கூற்றாக உருமாறிவிடுவது எங்கள் நீதிமன்றத் தமிழின் வழக்கம். அந்த வரி தாளில் ஏறியபின் மனுதாரரின் தலைவலி, மறதி, எரிச்சல் ஆகியவை பெரும்பாலும் வழக்கை விட்டு வெளியேறிவிடும். அவற்றைப் பற்றி நான் அப்போது யோசித்ததில்லை. நீதிபதி சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் தட்டுவதே என் வேலையாக இருந்தது.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு காலை வேளை, குன்னத்தூரிலிருந்து பெருமாநல்லூர் வழியாகத் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுகொண்டிருந்த என் தங்கையின் கணவரை, பக்கச் சந்திலிருந்து திடீரென்று திரும்பிய கார் ஒன்று இடித்துத் தள்ளியது. அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வயது நாற்பத்தேழு. தலைக்கவசம் அணிந்திருந்தார், அது விரிசல் விட்டது, மண்டை தப்பியது. தாமாகவே எழுந்து அருகிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தார். 108 ஊர்தி வந்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது. பணியிலிருந்த மருத்துவர், மயக்கம் வந்ததா என்று கேட்டார். மாப்பிள்ளை “இல்லீங்க” என்றார். வாந்தி வந்ததா என்றதற்கும் “இல்லீங்க” என்றார். இப்போது எப்படி இருக்கிறது என்றதற்கு, எங்கள் பக்கத்தில் கை முறிந்தவர்கூடச் சொல்லும் பதிலைச் சொன்னார்: “பரவால்லீங்க.” மூன்று பதில்களும் விபத்துப் பதிவேட்டில் ஏறின. அன்று மாலை எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இலேசான தலைக்காயம் என்று எழுதி மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள் வேலைக்குப் போய்விட்டார், ஏற்றுமதி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்ததால். இருபது ஆண்டுகளாக எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று அளவு விகிதத்தைத் தாளே பார்க்காமல் மனத்தில் வைத்துத் துணி விரித்தவர், அந்த மாதம் இரண்டு முறை விகிதத்தை மாற்றி வெட்டிவிட்டார். டியூப் லைட் வெளிச்சத்தில் பதினொரு மணிக்குமேல் நிற்க முடியவில்லை என்றார். தையல் வரிசையிலிருந்து வரும் இரைச்சலை, அத்தனை வருடம் காதில் வாங்காதவர், தாங்க முடியாமல் வெளியே போய் நின்றிருக்கிறார். வீட்டில் குழந்தைகள் பேசினாலே சீறி விழுந்தார். “அவரு பழையபடி இல்லீங்ணா” என்று தங்கை தொலைபேசியில் சொன்னபோதுதான், நான் தட்டச்சு செய்த அந்தப் பழைய வாக்கியம் விரலில் நெருடத் தொடங்கியது. பிறகு ஆறு மாதங்களாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மருத்துவர்கள் சிலரிடமும், என்னோடு பழகிய வழக்கறிஞர்களிடமும் கேட்டேன். நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘இலேசான’ என்ற சொல். தலைக்காயத்தை இலேசு, நடுத்தரம், கடுமை என்று பிரிக்கப் பயன்படும் கிளாஸ்கோ அளவுகோலை, கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இருவர் 1974இல் வெளியிட்டார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என்று அதிகபட்சம் 15 புள்ளிகள், குறைந்தபட்சம் 3. நினைவிழந்து கிடப்பவர் தேறுகிறாரா, மோசமாகிறாரா என்பதை எந்த மருத்துவரும் செவிலியரும் ஒரே மாதிரியாகக் குறித்து வைப்பதற்காக உண்டான அளவுகோல் அது. 13 முதல் 15 வரை இருந்தால் இலேசான காயம் என்று பெயர். மாப்பிள்ளைக்கு 15. அதாவது கண் திறந்திருந்தார், ஊர் பெயர் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். நாற்பது அடுக்குத் துணியில் நான்கு அளவுகளின் விகிதத்தை மனத்தில் வைத்திருக்க முடியுமா என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு அது பிறக்கவும் இல்லை. உயிருக்கு இந்த மணி நேரத்தில் ஆபத்து எவ்வளவு என்பதற்கான விடையை, இந்த மனிதன் இழந்தது எவ்வளவு என்பதற்கான விடையாகப் படிப்பதில்தான் வழக்குகளில் குழப்பம் தொடங்குகிறது.

மயக்கம் பற்றிய கேள்வியும் அப்படியே. மறுவாழ்வு மருத்துவத்துக்கான அமெரிக்கக் காங்கிரஸ் என்ற மருத்துவ அமைப்பு இலேசான மூளைக்காயத்துக்கு 1993இல் வகுத்த வரையறை நெடுங்காலம் பயன்பட்டது. 2023இல் அதைப் புதுப்பித்தார்கள். பழைய வரையறையின்படியே மயக்கம் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மயக்கம் வந்திருந்தால் அது அரை மணிக்கு மேற்படக் கூடாது, விபத்தையொட்டிய நினைவின்மை 24 மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்பவை இலேசான காயத்தின் மேல் எல்லைகள். கீழ் எல்லையோ, அந்தக் கணத்தில் ஒரு திகைப்பு, ஒரு குழப்பம் இருந்தாலே போதும் என்பது. ஆனால் குறுக்கு விசாரணையில், “விபத்தின்போது மனுதாரர் சுயநினைவுடன் இருந்தார் என்று சொன்னால் சரிதான்” என்று பதிவானால், மூளைக்கு எதுவும் நேரவில்லை என்று ஒப்புக்கொண்டதாகவே வாதத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நினைவு தப்பியதை நினைவு தப்பியவரால் சொல்ல முடியாது. விழுந்ததிலிருந்து ஊர்தி வந்ததுவரை நடந்ததைத் தாம் தொடர்ச்சியாக அறிவதாகவே மாப்பிள்ளை நம்பிக்கொண்டிருந்தார். டீக்கடை அம்மாவிடம் நான் பிறகு போய்க் கேட்டபோது, “என்ற சாப்பாட்டுக் கூடை எங்கன்னு அஞ்சாறு தடவ கேட்டாருங்க, கூடை அவரு மடியிலயேதான் இருந்துச்சு” என்றார். மருத்துவர் கேட்டது காயம்பட்டவரிடம். விடை இருந்தது டீக்கடையில்.

சி.டி. ஸ்கேன் எதைக் காட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எலும்பு முறிவும் இரத்தக் கசிவும் வீக்கமும் அதில் தெரியும். அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை உடனே முடிவு செய்ய அதைவிடச் சிறந்த கருவி இல்லை. இலேசான தலைக்காயத்தில் யாருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதற்குக் கனடாவில் 2001இல் வெளியான விதிமுறையும், ஆபத்தான கசிவு விட்டுப்போகக் கூடாது என்ற நோக்கத்திலேயே அமைந்தது. மூளைக்குள் இருக்கும் நரம்பிழைகள் இழுபட்டதை சி.டி. காட்டாது. தலை சட்டென்று சுழலும்போது ஏறக்குறைய ஒன்றே கால் கிலோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த மென்மையான உறுப்பு மண்டைக்குள் திருகி இழுபடுகிறது. அந்த இழுவையில் நரம்பணுக்களின் சவ்வுகள் கசிந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. அதைச் சரிசெய்ய அணுக்களுக்கு ஆற்றல் மிகுதியாக வேண்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து இரத்த ஓட்டம் குறைந்திருக்கக் கூடும். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கிறது, உயிரையும் காக்கிறது. ஆனால் இந்தச் சுழற்சியை முழுதாகத் தடுக்க அதனால் முடியாது.

இதை மாப்பிள்ளையிடம் விளக்க முற்பட்டபோது அவர்தான் எனக்கு விளக்கினார். பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்தவுடன் வெட்டக் கூடாதாம். ரோலில் இறுகச் சுற்றியிருப்பதால் துணி இழுபட்டிருக்கும். கண்ணுக்குக் குறையே தெரியாது, இன்ச் டேப் வைத்தாலும் அளவு சரியாக இருக்கும். ஆனால் வெட்டியபின் சுருங்கி, அளவு தவறிவிடும். அதனால் பிரித்துப் போட்டு, இழுவை அடங்கும் வரை விட்டுவிட்டு, பிறகே மேசையில் விரிப்பார்கள். “அப்போ என்ற தலையைப் பிரிச்சுப் போடாமயே வெட்டிப்புட்டேன்னு சொல்லுங்க” என்றார். ஒன்பதாம் நாள் முழுநேர வேலைக்குத் திரும்பியதை அவர் சொன்னார். இன்றைய மருத்துவ வழிகாட்டலும் துணியைப் பிரித்துப் போடும் அந்த முறையை ஒட்டியே இருக்கிறது: முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலைகளைக் குறைத்துக்கொண்டு ஓய்வு, அதன்பின் தொந்தரவு கூடாத அளவுக்குப் படிப்படியாக நடமாட்டம், வேலை. வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடக்கச் சொன்ன பழைய யோசனையை இப்போது கைவிட்டுவிட்டார்கள்.

(தலையில் அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இரவெல்லாம் அவரை உட்கார வைத்திருந்தார்கள். மருத்துவர் பார்த்து அனுப்பியபின் தூங்குவதில் தீங்கில்லை. எழுப்பினால் எழாமல் இருப்பதும், திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பதும், தலைவலி ஏறிக்கொண்டே போவதும், வலிப்பு வருவதும், கை கால் தளர்வதும்தான் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அடையாளங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் சில வாரங்கள் கழித்தும் மூளையைச் சுற்றி இரத்தம் தேங்கலாம்.)

நரம்பிழைகளைப் பார்க்க எம்.ஆர்.ஐ.யில் நுட்பமான முறைகள் வந்துள்ளன. காயம்பட்ட நூறு பேரையும் காயம்படாத நூறு பேரையும் ஒப்பிட்டால் அவற்றில் வேறுபாடு தெரிகிறது; ஆனால் கூண்டில் நிற்கும் இந்த ஒருவருக்கு இந்த விபத்தினால் நேர்ந்த காயம் இதுதான் என்று அவற்றைக் கொண்டு உறுதியாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரத்தப் பரிசோதனையும், சி.டி. எடுக்கத் தேவையுண்டா என்று முடிவு செய்வதற்கானதே. மருத்துவமும் சட்டமும் ஒன்றையொன்று தவறவிடும் இடம் இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவம் பலரைப் பார்த்து, பெரும்பாலானவர்கள் சில வாரங்களிலோ மூன்று மாதங்களுக்குள்ளோ தேறிவிடுகிறார்கள், சிறு பகுதியினருக்குத் தொந்தரவு நீடிக்கிறது என்று சொல்கிறது. சட்டம் ஒருவரைப் பார்த்து, இவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று கேட்கிறது.

அந்தச் சிறு பகுதியினர் மீதான ஐயம் இரயில் காலத்திலிருந்தே இருக்கிறது. 1866இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன், இரயில் விபத்துகளில் வெளிக்காயம் பெரிதாக இல்லாதவர்களுக்கும் நீடித்த தொந்தரவுகள் வருவதைப் பற்றி எழுதினார்; இரயில் கம்பெனிகள் மீதான இழப்பீட்டு வழக்குகளில் அது பெரும் சர்ச்சையானது. ஜெர்மனியில் ஓப்பன்ஹைம் என்ற நரம்பியல் மருத்துவர் நரம்பு மண்டலத்திலேயே மாற்றம் உண்டு என்றார். பிரான்சில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் அதிர்ச்சியால் மனத்தில் உண்டாவது என்றார். எங்கள் அத்தை மாப்பிள்ளையைப் பார்த்து “பயந்த கோளாறு” என்று சொல்லிக் கோயிலுக்கு அழைத்துப்போய்த் திருநீறு போட்டபோது, ஷார்கோவின் கட்சிக்குக் கொங்கு நாட்டில் இவ்வளவு பழைய கிளை இருப்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். 1961இல் ஹென்றி மில்லர் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர், தலைக்காயத்துக்குப் பின் நீடிக்கும் தொந்தரவுகள் பலவும் இழப்பீட்டை எதிர்நோக்கியவை, பணம் கைக்கு வந்ததும் மறைபவை என்று சொற்பொழிவாற்றினார். பிற்கால ஆய்வுகளில், வழக்கு முடிந்து பணம் வாங்கிய பலரும் குணமாகாமலேயே இருந்தது தெரிந்தது. ஆயினும் அவருடைய கருத்து, அவர் பெயர் அறியாத வழக்கறிஞர்களின் வாயிலும் இன்றுவரை வாழ்கிறது.

ஐயத்துக்கு இடமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். நோயாளிக்குச் சிகிச்சையே அளித்திராத மருத்துவர் ஒருவர் வழக்குக்காகப் பத்து நிமிடம் பார்த்து, ஊனம் 40 சதவீதம் என்று எழுதிக் கொடுத்த சான்றிதழ்களையும் நான் சான்றாவணமாகக் குறியிட்டிருக்கிறேன். உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010 அக்டோபரில் அளித்த தீர்ப்பு, அப்படிப்பட்ட சான்றிதழ்களை எச்சரிக்கையோடு பார்க்கச் சொல்கிறது. அதே தீர்ப்பு நம்மைப் போன்றவர்களுக்குத் துணையாகும் ஒன்றையும் சொல்கிறது: உடலின் நிரந்தர ஊனம் எவ்வளவு என்று மட்டுமே மருத்துவர் சொல்லலாம், அந்த ஊனத்தால் இந்த மனிதரின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை, அவர் செய்த தொழிலைப் பார்த்துத் தீர்ப்பாயமே முடிவு செய்ய வேண்டும். இடது கை போன எழுத்தருக்கும், இடது கை போன ஓட்டுநருக்கும் இழப்பு ஒன்றன்று என்பது அதன் சாரம். கவனம் சிதறும் ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்கவும் அதே வழி திறந்திருக்கிறது.

ஆனால் அந்த வழிக்குள் நுழைவதற்கு முன்பே வாசலில் ஒரு சொல் நிற்கிறது. காயச் சான்றிதழில் மருத்துவர் ‘சாதாரண காயம்’ அல்லது ‘கொடுங்காயம்’ என்று எழுத வேண்டும். எது கொடுங்காயம் என்பதை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு எட்டு வகைகளாகச் சொல்கிறது. பார்வை இழப்பு, செவி இழப்பு, எலும்போ பல்லோ முறிதல் எல்லாம் உண்டு. மூளைக்கென்று தனி வகை இல்லை. பல் ஒன்று உடைந்திருந்தால் மாப்பிள்ளைக்கு நேர்ந்தது கொடுங்காயம். நினைவும் கவனமும் குலைந்தால், கடைசி வகைக்குள் அதை நுழைத்தாக வேண்டும்: உயிருக்கு ஆபத்து விளைவிப்பது, அல்லது பதினைந்து நாட்களுக்குக் கடும் உடல் வலியையோ வழக்கமான அலுவல்களைச் செய்ய இயலாமையையோ உண்டாக்குவது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவில் இது இருபது நாட்களாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பதினைந்து. அதையும் மாப்பிள்ளை ஒன்பதாம் நாளே வேலைக்குப் போய்க் கெடுத்துக்கொண்டார். இது கார் ஓட்டியவரின் தண்டனையோடு முடிந்துவிடும் விஷயமும் அன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று நிறுவ வேண்டிய தேவையின்றி கொடுங்காயத்துக்கு 2½ லட்சம் ரூபாய் கேட்கலாம். சாதாரண காயம் என்றால் அந்த வழி இல்லை, 166ஆம் பிரிவின்படி எல்லாவற்றையும் நிறுவ வேண்டும். அதற்கும் விபத்து நடந்து ஆறு மாதங்களுக்குள் மனு போட வேண்டும் என்ற காலவரம்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் ஒருவர் தேறவில்லை என்பதே மருத்துவருக்குத் தெரியவரும் என்றால், மனுதாரருக்கு மிஞ்சுவது இன்னொரு மூன்று மாதம்.

கட்டிங் பிரிவில் இருப்பவர்களுக்கு விரல் போவது புதிதன்று. பேண்ட் நைஃப் இயந்திரம் அப்படிப்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், முழு ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்று வரிசையாக இருந்தது அவர்களில் பலருக்கு மனப்பாடம். விரலை எண்ணலாம், மேசையில் வைத்துக் காட்டலாம். விகிதத்தை மறந்த தலைக்கு அட்டவணை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் பட்டியலிட்ட 21 வகைகளிலும் விபத்தால் வந்த மூளைக்காயத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. அதன் விளைவை வேறு ஏதாவதொரு வகையின்கீழ்க் காட்ட வேண்டியிருக்கிறது.

காட்டுவதற்கு ஓரளவு நம்பத்தக்க வழி நரம்பு உளவியல் சோதனைகள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில், வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ப நம் நாட்டு மக்களுக்கான அளவுகள் உள்ளன. ஒன்பதாம் வகுப்போடு நின்ற கட்டிங் மாஸ்டரைப் பட்டதாரியோடு ஒப்பிடும் தவறு அதில் நேராது. ஆனால் விபத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு யாரும் சோதனை வைத்திருக்கவில்லை. வேண்டுமென்றே தவறாகச் செய்கிறாரா என்று பார்க்கும் சோதனைகளையும் சேர்த்துச் செய்யாவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு முன்பே ஒற்றைத் தலைவலி உண்டு என்பதையும் அவர்கள் விடப்போவதில்லை. அதற்கு 1901ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு ஒன்றிலிருந்து வரும் பழைய விடை இருக்கிறது: அடிபட்டவரின் மண்டையோடு இயல்பைவிட மெல்லியதாக இருந்தது என்பது அடித்தவருக்கு ஒரு சாக்காகாது.

விபத்துக்கு முந்தைய மாப்பிள்ளைக்கான சான்று வேறு இடத்தில் இருந்தது. கம்பெனியின் கட்டிங் பதிவேட்டில் முந்தைய மூன்று ஆண்டுகளில் அவர் பெயரில் விகிதப் பிழை ஒன்றுகூட இல்லை. விபத்துக்குப் பின் இரண்டு. தங்கை, நான் சொன்னதால், காலண்டரின் பின்புறம் நாள்தோறும் ஒரு வரி எழுதி வந்திருக்கிறாள். அவற்றில் ஒன்று: “புரட்டாசி 4, அடுப்பை அணைக்க மறந்துட்டார், கேட்டதுக்கு அழுதார்.” கணவர் அழுததைத் தீர்ப்பாயத்தில் காட்டலாமா என்று அவள் தயங்கினாள். அதைக் கிழித்துவிடலாமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஆறு மாதத்துக்கு நான்கு நாட்கள் இருக்கையில் மனு தாக்கலானது. முதல் விசாரணைக்கான பிரமாண வாக்குமூலத்தை, அதாவது மனுதாரர் தம் தரப்பைச் சொல்லும் சாட்சியத்தை, வழக்கறிஞர் சென்ற வாரம் தயாரித்து அனுப்பினார். நான் பல நூறு முறை தட்டிய அதே அச்சு: “மேற்படி விபத்தில் நான் தலையில் அடிபட்டு, சுயநினைவு இழந்து...” மாப்பிள்ளை அந்த இடத்தில் விரலை வைத்தார். “எனக்கு ஞாபகம் தப்புனது எனக்குத் தெரியாதுங்களே, தெரியாததைத் தெரியும்னு எப்படிங்க நான் கையெழுத்துப் போடறது?” என்றார். நான் பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களையும் அடித்தேன். டீக்கடை அம்மாவை ம.சா.2 ஆக, அதாவது மனுதாரர் தரப்பின் இரண்டாம் சாட்சியாக, விசாரிக்கலாம் என்று வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். அந்த அம்மாவிடம் போய்க் கேட்டபோது வருவதாகச் சொன்னார். ஆனால் வியாழக்கிழமை வேண்டாமாம், அன்றைக்குப் பெருமாநல்லூரில் அவருக்கு வேறு வேலை இருக்கிறதாம்.